கல் மாதிரி இருந்த துண்டு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டி மூணாவது தடவையும் வந்துடுச்சு. அதே இடது மார்பு. தையல் மெஷின்ல உக்காந்தா உயிர் போகுது. ரொம்ப அபூர்வமான வகையாம், கட்டிக்குள்ள எலும்பு வளருதாம்! மார்ல எலும்பு, எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா? இந்தத் தடவை மார்பையே எடுத்துடணுமாம். முதல் கட்டியிலயே எலும்பு இருந்திருக்கணுமேன்னு டாக்டர் கேக்கறார். அதை உங்க லேப்ல சோதனைக்கு மெல்லிசாச் சீவிக் கொடுத்தது நீதானே? என்ன பாத்தேன்னு எழுது. போன் வேண்டாம், அழுதுடுவேன்.

உன் தங்கை

மார்ச் 9

என் செல்லத்துக்கு,

சாப்பாடே இறங்கலைடி. ஆனா ரிப்போர்ட் எழுதறது எங்க பெரிய டாக்டர். நான் சீவிக் கொடுக்கறவ, அவ்வளவுதான். சின்ன வயசுலேர்ந்தே உனக்கு யாரையாவது குத்தம் சொல்லியாகணும். மனசைப் போட்டு அலட்டிக்காதே. ஒரு நல்ல சேதி: அடுத்த மாசம் எங்க லேபுக்கு என்னையே பொறுப்பாப் போடறாங்க.

அக்கா

மார்ச் 14

அக்கா,

குத்தம் யாரு சொன்னா? ஆபரேஷனுக்கு முன்னாடி நடந்தது தெரிஞ்சா நிம்மதியாப் படுப்பேன். கோபப்பட மாட்டேன், சத்தியமா.

தங்கை

மார்ச் 20

கண்ணு,

உன்கிட்ட இனிமே மறைக்க முடியலை. அன்னிக்கு உன் கட்டியில ஒரு துண்டு கல்லு மாதிரி இருந்தது. அதை மருந்துல ஊறவெச்சு மெதுவாக்கித்தான் சீவணும், இல்லேன்னா பிளேடு போயிடும். அதுக்கு ரெண்டு மூணு நாளாகும். நீயோ ரிப்போர்ட் ரிப்போர்ட்டுன்னு நச்சரிச்சே. சீக்கிரமா நல்ல சேதி சொல்லணும்னு மெத்துனு இருந்த துண்டை மட்டும் சீவிக் கொடுத்தேன். கல்லைத் தூக்கிப் போட்டுட்டேன். டாக்டர்கிட்ட சொல்லலை. சாதாரணக் கட்டின்னு எழுதிட்டார். எல்லாம் உன்மேல இருந்த பாசத்துல செஞ்சதுடி. படிச்சதும் கிழிச்சுடு.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

ஆபரேஷன் முடிஞ்சது. இடது பக்கம் துடைச்சு எடுத்த மாதிரி இருக்கு. அப்பவே தெரிஞ்சிருந்தா கட்டியைச் சுத்தி இன்னும் கொஞ்சம் வெட்டிட்டு மார்பை விட்டிருப்பாங்களாம்.

நான் கிழிக்கலை. போன்ல சொல்லியிருந்தா காத்தோட போயிருக்கும், அதனாலதான் உன்னை எழுத வெச்சேன். உன் கடிதத்தைப் பதிவுத் தபால்ல உங்க பெரிய டாக்டருக்கே அனுப்பிட்டேன். அவர் என்கிட்ட பேசிட்டார். திங்கட்கிழமை உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பாராம். பொறுப்பு கிடைக்குமான்னு இனிமே அவரையே கேட்டுக்கோ.

கோபப்பட மாட்டேன்னு சொன்னது பொய். கல்லைத் தூக்கிப் போட்டதைக்கூடப் பொறுத்திருப்பேன். ரெண்டாவது தடவை கட்டி வந்தப்போ, "உனக்கு எல்லாத்தையும் பெரிசு பண்ணணும்"னு சிரிச்சியே, எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டே சிரிச்சியே! அதை எப்படிடி பொறுப்பேன்? இங்க வராதே, கதவைத் திறக்க மாட்டேன்.

நீ அழுதா என் வலி குறையும்னு நெனச்சிருந்தேன். குறையாதுன்னு இப்போ தெரியுது. இருந்தாலும் அழு.

உனக்குத் தங்கையா இருந்தவ