காரில் இடம் பண்ணியாயிற்று

மகனே,

ஃப்ரிட்ஜ் கதவில் நீ ஒட்டிய திட்டத்தைப் படித்தேன். நான்கு நாள், நான்கு கேளிக்கைப் பூங்கா. கடைசி வரி: “காரில் இடமில்லை, அப்பா வீட்டில் நாயைப் பார்த்துக்கட்டும்.”

இடத்துக்கு வழி பண்ணிவிட்டேன். நீ குறட்டை விடும்போதே மருமகள், பிள்ளைகள் இருவர், நான், நால்வரும் கிளம்புகிறோம். ராட்டினத்தின் நிழல் பட்டாலே உன் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். மருமகள் ஐந்து நிமிடம் அழுதாள். பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

நாய்க்கு ஏழு மணிக்குச் சோறு வை. தாமதித்தால் செருப்பைக் கடிக்கும். வாசலில் இப்போது உன்னுடையது மட்டும்தான்.

அப்பா

பி.கு.: சின்னவள், “அப்பாவை எழுப்பிச் சொல்லிட்டுப் போவோமா தாத்தா?” என்றாள். வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். நான்கு கை எழுந்தன. அவளுடையது கொஞ்சம் தாமதமாக.