பதினேழு பேரும் என் ஐயாயிரமும்

காரோடு
9-6-1955

அன்பு மகள் ராஜபாய்க்கு உன் சித்தப்பா ஞானசிகாமணி எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் நானும் உன் சித்தி செல்லபாயும் இருக்கிறோம், மூட்டுவலியும் எங்களோடு நல்ல சுகமாக இருக்கிறது. பம்பாயிலும் மழை பிடித்திருக்கும், ஆஸ்பத்திரி வேலை முடிந்து நனைந்த தலையோடு படுக்காதே. இங்கே பெய்கிற மழையில் நோவாவின் பேழையே நம் வாசலில் வந்து நின்று இடம் இருக்கிறது, ஏறுகிறாயா என்று கேட்டது, உன் தம்பி சத்தியராஜ் ஜெயிலிலிருந்து வராமல் நான் எங்கும் வருவதாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

பொன்னையன் வக்கீல் இப்போது அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசகர். இரவல் கோட்டு போட்டுக்கொண்டு நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் ஒரு பலாமரக் கிளைக்காக அவர் வாதாடிய முதல் நாளிலிருந்து நான்தான் குமாஸ்தா என்பது உனக்குத் தெரியும். அவர் குறுக்கு விசாரணை செய்தால் சாட்சி தன் பாட்டன் செய்த திருட்டையும் சேர்த்து ஒப்புக்கொள்வான். ஹைக்கோர்ட்டில் அவர் எழுந்து நின்றால் மின்விசிறி சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும். நம் தமிழ்ப் பகுதியைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் நம் ஆட்களைப் போலீஸ் கூட்டம் கூட்டமாகப் பிடித்தபோது ஒரு சக்கரம் காசு வாங்காமல் வாதாடினார். போன மாதம் திருவனந்தபுரத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்ததும் பாறசாலைச் சந்தையில் பாதிப்பேர் "நம்ம வக்கீலு பெரிய ஆளாயிட்டாரு" என்றார்கள், மீதிப்பேர் "வெலைபோயிட்டாரு" என்றார்கள், நான் இரண்டு கூட்டத்தோடும் சண்டை போட்டேன்.

அவருக்குக் கொடுத்த முதல் வேலையே போராட்ட வழக்குகளில் எதை எதைத் திரும்பப் பெறலாம் என்று யோசனை சொல்வதுதான். காரோட்டில் பிடிபட்ட பதினேழு பேரில் பதினாறு பேரை விட்டுவிட்டார்கள் மக்கா. விடாத ஒருவன் நம் சத்தியராஜ். தலைவர்களை விடுவதில்லையாம். அன்று போராட்டக் கூட்டத்தில் பேச வேண்டியவர் வரவேயில்லை, அவர் ஏறி நிற்க வேண்டிய பெஞ்சைச் சர்ச்சிலிருந்து சுமந்து வந்ததைத் தவிர நம் பையன் வேறொன்றும் செய்யவில்லை, கிறிஸ்துமஸ் லீவில் வந்திருந்த நீயும் மதிலோரம் நின்று பார்த்தாய். அவனை யார் தலைவன் ஆக்கியது என்றால், அதைத்தான் எழுதக் கை வராமல் மூன்று நாளாகப் பேனாவுக்கு மையூற்றிக்கொண்டிருக்கிறேன்.

நான்தான். எல்லைக் கமிஷனுக்கு நம் பக்கத்து ஜனங்கள் அனுப்பிய மனுவை நான் எழுதினேன், வக்கீல் திருத்தினார். காரோட்டில் சத்தியராஜ் என்னும் வாலிபன் தலைமையில் ஐயாயிரம் பேர் திரண்டார்கள் என்று எழுதியிருந்தேன், பதினேழு பேர் என்று எழுதினால் டில்லியில் யார் மதிப்பான்? வக்கீல் அதை அடித்துவிட்டு, "எடே, காரோட்டுல அம்பிடு பேரு நிக்க எடம் உண்டா? ஒருத்தன் தோளுல ஒருத்தன் ஏறி நின்னாலும் ஐநூறு தாண்டாது. உள்ளத எழுதுடே" என்றார். நல்ல நகல் எடுக்கும்போது அடித்ததை நான் திரும்பச் சேர்த்தேன். நான் நீட்டும் நகலை அவர் முப்பது வருஷத்தில் ஒருநாளும் வாசித்ததில்லை, நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். அன்றும் போட்டார். அதன் ஒரு நகல் திருவனந்தபுரம் ஃபைலில் இருக்கிறது.

திங்கட்கிழமை அவருடைய புது ஆபீசுக்குப் போனேன். அவர் வீட்டில் அடுக்களை வழியாக நுழைந்து பழகியவனைச் சேவகன் பெயர் எழுதி வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார வைத்தான். வக்கீல் ஃபைலைத் திறந்து தம் கையெழுத்தைக் காட்டினார். "ஐயாயிரம்னு ஒப்பு வச்சவன் நான். இப்போ பதினேழுன்னு நோட்டு எழுதினா, ஓய் அப்போ சொன்னது பொய்யா இப்போ சொல்லுகது பொய்யான்னு மேல உள்ளவன் கேப்பான். சொந்த ஆளுக்காக எழுதினான்னும் சொல்லுவான்" என்றார். நானே சத்தியம் செய்து எழுதித் தருகிறேன் என்றேன். "ஒனக்க கணக்கக் கோர்ட்டு வாசல்ல கெடக்குற நாய்கூட நம்பாதாக்கும்" என்றார், சிரிக்கவில்லை. விடுதலையான பதினாறு பேரும் அதே வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்கள், அவர்கள் பேச்சும் செல்லாது. பிறகு எழுந்து என்னோடு கதவுவரை வந்து மெதுவாக, "வழக்குல படாத ஒரு ஆளு, கண்ணால பாத்த ஆளு, எழுதித் தந்தா நோட்டு போடுகேன். வாறது வரட்டு" என்றார். வாசிக்காமல் போடும் அந்தக் கையெழுத்தை நம்பி ஐயாயிரம் என்று எழுதிய எனக்கு அதற்குமேல் அவரிடம் என்ன கேட்க வாய் உண்டு?

அந்த ஆள் நீதான் மக்கா. அங்கே ஒரு மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து எழுதி முத்திரை வைத்து அனுப்பு. எத்தனை பேர் நின்றார்கள், உன் தம்பி என்ன செய்தான், அவ்வளவு போதும். மனுவில் இருப்பது உன் சித்தப்பா கூட்டி எழுதியது என்பதையும் எழுத வேண்டும், அதை எழுதாமல் விட்டால் மற்றதை யாரும் நம்ப மாட்டார்கள். என் குமாஸ்தா வேலை போகும், வழக்கும் வரலாம் என்கிறார்கள். உன் சித்தி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, ஜெபத்தில் மட்டும் என் பெயரைக் கொஞ்சம் உரக்கச் சொல்லுகிறாள்.

நேற்று நெய்யாற்றின்கரைச் சப்ஜெயிலில் பையனைப் பார்த்தேன். கழுத்தெலும்பு தெரிகிறது. "சித்தப்பா, நான் தலைவனாக்கும்னு எனக்கு இங்க வந்தப்பந்தான் தெரியும். எவன் எழுதினானோ, அவனுக்கு என்மேல என்ன விரோதமோ" என்றான். நான் கொண்டுபோன வாழைப்பழத்தை உரித்து அவன் கையில் கொடுத்தேன். நீ எழுதுவதைக் கோர்ட்டில் வாசித்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி திரும்பப் பெறும் வழக்குகளின் இரண்டாம் பட்டியல் போகிறது, மிஷன் பள்ளிக்கூடத்தில் அவனுடைய வாத்தியார் வேலையையும் அதுவரைதான் வைத்திருப்பார்கள். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு, மறக்காதே. உன் கைபட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கவும், நீ போகிற வழியெல்லாம் உனக்குத் துணையிருக்கவும் தேவனை வேண்டுகிறேன். எழுதும்போது சித்தப்பாவின் முகம் நினைவுக்கு வரும், அதற்காக ஓர் ஆளைக்கூடக் கூட்டிவிடாதே. பதினேழு பேர்தான் மக்கா.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
ஞானசிகாமணி