உயிரோடிருப்போருக்கு நட்ட கற்களை அகற்றும் ஆணை

“செத்துப்போன அத்தை ஏன் வாசல்ல நின்னு சோறு கேக்குது?” என்று வேங்கைப்பள்ளிச் சிறுமி ஒருத்தி தன் தாயைக் கேட்டாள். அதற்கு விடை சொல்லும் கடமை அரசுக்கு உரியதாகையால் இவ்வோலை எழுதலாயிற்று.

அறம் நிலைபெறுக. பொன்னிறை நாடாளும் விசயகேதனப் பெருமானின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் கண்டன் மாதேவன், கருங்கணவாய்க் கோட்டை காக்கும் வில்லவதரையர்க்கு எழுதுவது. உம் களஞ்சியத்தில் நெல்லும், உம் வீரர் இல்லங்களில் மழலையும் குறையாதிருக்க இறைவன் அருள்க.

மலைமேலுள்ள பேரொளி மடத்தை வரும் முழுநிலா நாளில் வளைத்து, வாயிலுக்குத் தீயிட்டு, உள்ளிருக்கும் இருநூற்றுப் பன்னிருவரையும் இழுத்துவர நீர் இசைவு கேட்டீர். ‘ஏடு புரட்டுகிற பெண்ணிடமா போர்முறை கேட்பது’ என்றும் எழுதியிருந்தீர். அந்தப் பெண், பண்டிதை உமைநங்கை, மூன்றாண்டு அம்மடத்து வாயிலில் உப்பு விற்றும், தப்பி வந்த பதினால்வரை வினவியும் அறிந்தவற்றை மன்னர் முன் வைத்தாள்.

அங்கே சங்கிலி இல்லை. புதிதாய் வந்தவரின் கால்களைக் கழுவி வரவேற்கிறார்கள். பின்பு உறக்கத்தைக் குறைக்கிறார்கள். அந்தியில் உடனிருப்பவரின் மனக்குறை ஒன்றைச் சொன்னவருக்கே சோறு. ஆகவே கணவன் மனைவியைக் காட்டிக்கொடுக்கிறான், அவள் மகனைக் காட்டிக்கொடுக்கிறாள். அரசர் படை தீயோடு வரும், அன்று அனைவரும் சுனையில் மூழ்கி உயிர்விட்டு ஒளியில் கலக்க வேண்டும் என்று மடத்துக் குரு நெடுநாளாய்ச் சொல்லிவருகிறார். நீர் தீயோடு சென்றால் அவர் வாக்குப் பலித்துவிடும்.

இவற்றினும் கொடியது நாம் செய்தது. மடம் புகுந்தோர் இறந்தோராவர், உறவினர் அவர்க்கு நீர்க்கடன் முடித்து ஊரெல்லையில் பெயர் பொறித்த கல் நடுக, திரும்பி வரினும் கதவு திறவற்க என்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆணை போயிற்று. அச்சத்தால் தடுத்துவிடலாம் என்று நம்பி அதை எழுதிய கை என்னுடையது. குருவோ, வெளியேற நினைத்தவரைத் தாமே ஊரெல்லைக்கு அழைத்துச் சென்று, அவரவர் கல்லைக் காட்டித் திரும்பக் கூட்டிவந்தார். வேங்கைப்பள்ளி அத்தையும் பசியோடு அன்றே மலையேறிவிட்டாள். தப்பி வந்த முதியவர் ஒருவர் உமைநங்கையிடம், “காவக்காரன் கண்ணுல மண்ணத் தூவிட்டு வந்துட்டேம்மா, எம் மருமவ சாத்துன கதவத்தான் ஒண்ணும் பண்ண முடியல” என்றாராம்.

ஆதலால் உம் படை கோட்டைக்குள்ளேயே நிற்க. பழைய ஆணை இன்றோடு ஒழிந்தது. கற்களைப் பிடுங்குக. உறவினர் பகற்பொழுதில், சமைத்த சோற்றோடு அடிவாரத்தில் நின்று, தத்தம் மக்களைப் பெயர் சொல்லி அழைக்க. இறங்கி வருவோரிடம் ஏன் போனாய் என்று எவரும் கேளற்க, முதலில் உண்ணட்டும். பலர் வரமாட்டார்கள் என்றே உமைநங்கை கருதுகிறாள். ஒருவரும் வராவிடினும் மறுநாளும் நிற்க. குருவின் குற்றத்தை அரசர் மன்றம் பின்னர் விசாரிக்கும். இது மன்னர் ஆணையென அறிந்து, முத்திரை கண்டவுடன் நிறைவேற்றுக.

முத்திரைக்குக் கீழே, உமக்கு மட்டும் ஒன்று. சிறுவயதில் காய்ச்சலில் கிடந்த என்னைத் தோளில் சுமந்து ஆறு கடந்த என் அண்ணனும் அம்மடம் புகுந்தவர். பிறர்க்கு முன்மாதிரியாக, ஊரார் பார்க்க, அவருக்கு நான் நீர்க்கடன் முடித்தேன். சென்ற மாரியில்தான் அவர் உயிர் பிரிந்தது என்று உமைநங்கை சொல்லி அறிந்தேன். இன்று காலை ஆற்றில் இறங்கி அவர் பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைத்தேன். கரையில் ஒருவரும் இல்லை.