பூவை நம்பிக் கேட்காத கடன்

அன்பு அத்தைக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிவிட்டது. ஹேவாஹெட்டப் பாதையில் உங்கள் கடை அப்படியேதான் இருக்கிறது. கருவாட்டு மூட்டை கிடந்த மூலையில் மட்டும் துணி அடுக்கியிருக்கிறோம். கேட்டால் திட்டுவீர்கள், தெரியும். துணியெல்லாம் கருவாட்டு வாசம் அடிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை மலை முழுக்கக் கோப்பிச் செடி வெள்ளையாகப் பூத்தது. உடனே இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கண்டிக்கு, வட்டிக்குப் பணம் கொடுக்கும் செட்டியார் கிட்டங்கிக்கு ஓடினார்கள். மலை வெள்ளையாக இருக்கும்போது கேட்டால் செட்டியார் கை தாராளம் என்பதுதானே இங்கே எல்லாருடைய கணக்கும். உங்கள் கணக்கும் அதுதானே?

உங்கள் மகள் என்னை விடவில்லை. "அம்மா இருந்தா இந்நேரம் ரெண்டாவது கடனையும் வாங்கி சரக்கு இறக்கியிருப்பாங்க. நீங்க என்னன்னா பூவ எண்ணிக்கிட்டு இருக்கீங்க" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பழம் பறிக்க இந்தியாவிலிருந்து ஆட்கள் வந்து இறங்கும்போது சரக்கு இல்லையென்றால் கடை எதற்கு?

ஆனால் அந்த வருடத்தை என்னால் மறக்க முடியவில்லை, அத்தை. பூவைப் பார்த்துக் கடன் வாங்கினீர்கள். மூன்றாம் நாள் பிடித்த மழை விடவே இல்லை. பூவெல்லாம் அழுகிக் கொட்டியது. பறிக்கப் பழம் இல்லை, ஆட்களும் வரவில்லை, வாங்கிப் போட்ட சரக்கு பூஞ்சணம் பிடித்தது. வண்டி மாடு இரண்டையும் விற்றோம். அவற்றை ஓட்டிக்கொண்டு போனபோது நீங்கள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அந்தக் கடனில் பாதி இன்னும் நிற்கிறது. இன்னொன்றையும் வாங்கி அதுவும் கவிழ்ந்தால் கடை கையை விட்டுப் போய்விடும். நாங்கள் எங்கே போய் நிற்போம்?

இருந்தும் வெள்ளிக்கிழமை கண்டிக்குப் போனேன். செட்டியார் பாயைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"பூ எப்படி?"

"நல்லா பூத்திருக்குங்க."

"அப்ப எழுதிடலாம். பழைய கணக்குலயே, உங்க மாமியார் பேருக்குக் கீழயே எழுதிக்கிறேன். அந்த அம்மா பேருக்கு இன்னும் எவ்வளவு வேணும்னாலும் தரலாம்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இந்தப் பூவும் அழுகினால் கெடப்போவது யார் பெயர்?

"காய் பிடிக்கட்டுங்க, அப்புறம் வர்றேன்" என்று எழுந்துவிட்டேன்.

"அப்ப வந்தா இதே வட்டிக்குக் கிடைக்காது."

"பரவாயில்லைங்க" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

உங்கள் மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் கோப்பித் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் இலைகளைத் திருப்பிக் காட்டினேன். சில செடிகளில் இலைக்கு அடியில் மஞ்சள் பொடி படிந்திருந்தது. இலையைக் கொட்டவைக்கும் அந்த நோய் வந்தால் பூ எவ்வளவு பூத்தும் பயனில்லை என்று அவளுக்கும் தெரியும். விரலில் ஒட்டியதை முந்தானையில் துடைத்தாள். "சரி, பொறுப்போம்" என்றாள்.

என் முடிவு இதுதான், அத்தை. காய் மிளகளவு திரண்டு, இலை சுத்தமாக இருந்து, பழைய கடனில் இன்னொரு பங்கையும் அடைத்த பிறகுதான் அடுத்ததைக் கேட்பேன். அதையும் புதுத் தாளில், என் பெயரில்தான் கேட்பேன். இவனை நம்பலாமா என்று செட்டியார் யோசிப்பார். யோசிக்கட்டும். கொடுக்காவிட்டால் இருக்கிற சரக்கை வைத்து ஓட்டுகிறோம். உங்கள் பெயருக்குக் கீழே இனி ஒரு வரி ஏறாது. ஏறியிருப்பதை நான் உயிரோடு இருக்கும்போதே தீர்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளைக் கட்டிய மருமகன்
முத்தையா