தார் பூசிய முற்றம்

மாதா துணை

கிள்ளான்,
6-2-1944

அன்புள்ள பெர்னடெட் அக்காவுக்கு,

நானும் கெர்ட்ரூடும் உயிரோடு இருக்கிறோம். இந்தக் காலத்தில் அதற்கு மேல் சுகம் விசாரிக்க என்ன இருக்கிறது? மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று அவள் என்னையே கிழங்கு என்று கூப்பிடுகிறாள். போன வாரம் வலது கால் கட்டைவிரலில் செங்கல் விழுந்து நகம் முழுசாகப் பெயர்ந்துவிட்டது. செருப்புப் போட முடியாமல் வெறுங்காலோடு வேலைக்குப் போகிறேன்.

முக்கியமான சேதிக்கு வருகிறேன். இங்கே ஒரு பெரிய பங்களாவில் ஜப்பான் ஆபீசர் தங்கியிருக்கிறார். அதன் முன்னால் செங்கல் முற்றம் பாவும் வேலை எனக்கு வந்திருக்கிறது. சாயங்காலத்தில் நாற்காலி போட்டு உட்காரவாம். வேலை திருப்தியாக முடிந்தால் என் குடும்பத்தில் ஓர் ஆளை, போனவன் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு அனுப்பக்கூடாது என்று முத்திரை போட்ட காகிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் கெர்ட்ரூடுக்கும் பிள்ளை இல்லை. உங்கள் மகன் டொமினிக் பெயரைத்தான் கொடுத்தேன். எட்டு மாதமாக வீட்டுக்குள் ஒளிந்து கிடக்கிறவன் பகலில் தெருவில் நடக்கட்டும், அக்கா.

ஆனால் சிமெண்ட் ஒரு மூட்டைகூடக் கிடைக்கவில்லை. சவரிமுத்து அத்தான் போன சண்டையில் பஸ்ராவுக்குப் போய், பாலைவன வெயிலில் சிமெண்ட் இல்லாமலே முற்றம் பாவியவர். அவர் எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் உங்களிடம் பத்திரமாக இருக்குமே! அதைப் பார்த்து எழுதி, இதைக் கொண்டு வருகிற ரயில் கார்டு கன்னையாவிடமே கொடுத்தனுப்புங்கள். தபால் வேண்டாம், பிரித்துப் படிக்கிறார்கள்.

உங்கள் தம்பி,
ஸ்டானிஸ்லாஸ்

&nbsp;

மாதா துணை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
10-2-1944
(ஜப்பான் கணக்கில் 2604. எனக்கு அறுநூற்று அறுபது வயது கூடிவிட்டது)

அன்புத் தம்பி ஸ்டானிக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன், பிறகு திட்டினேன். அழுதது டொமினிக்குக்காக. திட்டியது உன் கால் விரலுக்காக. தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடு. நகம் இல்லாத காலோடு சேற்றில் நிற்காதே. சொன்னால் கேட்கிற ஆளா நீ?

காகிதம் வரப்போகிறது என்று சொன்னதும் டொமினிக் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "மாமா இருக்கிறப்ப எனக்கு என்னம்மா பயம்?" என்று சொல்லிவிட்டு, இருபத்து மூன்று வயதுத் தடியன் சட்டியில் இருந்த கிழங்கையெல்லாம் தின்று தீர்த்துவிட்டான்.

அத்தான் எழுதியதை அப்படியே தருகிறேன். மண்ணை வெட்டி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கு. அதன் மேல் இரண்டு விரல் கனம் சலித்த மணல். செங்கல்லை ஒட்டி ஒட்டி வைக்காதே. வெயிலில் கல் விரியும், இடம் இல்லாவிட்டால் கிளம்பி நிற்கும். சந்துக்குச் சந்து ஒரு நெல் அகலம் விட்டு அதிலும் மணல் நிரப்பு. சுற்றி வரக் கரைக் கல்லை ஆழமாக நடு. மழைத் தண்ணீர் வீட்டை விட்டு வெளியே ஓட வாட்டம் கொடு. வெளிறிய கல்லாகப் பார்த்து எடு. மேற்கே பந்தல் போடு. சாயங்காலம் தண்ணீர் தெளித்தால் உட்காரலாம்.

செய்யக்கூடாதது என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதையும் எழுதுகிறேன், நீ அரைகுறையாகச் செய்கிற ஆள். "தார் பூசாதே. பஸ்ராவில் ஒரு துரை புழுதி அடங்கட்டும் என்று தார் பூசச் சொன்னான். மத்தியானம் கழுதைகூட அதில் கால் வைக்கவில்லை. தெரியாமல் மிதித்த கூலிக்காரனின் உள்ளங்கால் தோல் தளத்திலேயே ஒட்டிக்கொண்டது."

நன்றாகச் செய். என் பிள்ளை உன் கையில் இருக்கிறான்.

அன்பு அக்கா,
பெர்னடெட்

&nbsp;

மாதா துணை

கிள்ளான்,
9-3-1944

அன்புள்ள அக்காவுக்கு,

தளம் முடியப் போகிறது. வாட்டத்துக்குக் குறுக்கே ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நட்ட நடுவில் நிற்கிறது. அத்தான் உயிரோடு இருந்து பார்த்தால் முதுகில் தட்டிக் கொடுப்பார்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. என் வேலை சும்மா வந்த வேலை இல்லை என்று காட்ட, நீங்கள் எழுதியதை ஆபீசருக்கு மலாயில் படித்துச் சொன்னேன். அதை ஜப்பான் மொழியில் மாற்றிச் சொல்ல ஓர் ஆள் இருந்தான். பெருமைதான், வேறென்ன. மணல், சந்து, வாட்டம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். தார்க் கதை வந்ததும் நிறுத்தச் சொல்லி, இரண்டாம் முறை கேட்டார். பிறகு சிரித்தார். மறுநாள் லோரியில் இரண்டு பீப்பாய்த் தார் வந்தது. பந்தலுக்கு வைத்திருந்த கம்பங்களைப் பிடுங்கச் சொல்லிவிட்டார்கள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடமா அது? புழுதிக்காக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

காகிதம் எழுதியாகிவிட்டது. அங்கே கணக்கு எழுதுகிற கிராணியிடம் டொமினிக் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். 15ஆம் தேதி புதன்கிழமை கன்னையாவோடு அனுப்புங்கள். கிராணிக்கு அவன் பெயர் தெரியும், போதும்.

உங்கள் தம்பி,
ஸ்டானிஸ்லாஸ்

&nbsp;

மாதா துணை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
20-3-1944

தம்பி ஸ்டானி,

காகிதம் வந்துவிட்டது. முத்திரை சிவப்பாக இருக்கிறது. டொமினிக்கைக் கன்னையா ஸ்டேஷனிலிருந்து முதுகில் சுமந்து கொண்டு வந்தான்.

இதை உனக்கு எழுதவே கூடாது என்று டொமினிக் சத்தியம் வாங்கியிருக்கிறான். "மாமா அன்னைக்கு அங்க இல்லம்மா. அவர் போட்ட தளத்துலதான் இது நடந்துச்சுன்னு தெரிஞ்சா மனுசன் உடைஞ்சு போயிடுவாரு, சொல்லாதீங்க." என்னால் நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியவில்லை. எழுதுகிறேன்.

வாசல் காவல்காரனுக்கு அவன் குனிந்தது போதவில்லையாம். எட்டு மாதம் வீட்டுக்குள் கிடந்த பிள்ளைக்கு எவ்வளவு குனிய வேண்டும் என்று எப்படித் தெரியும்? காற்சட்டையை முட்டிக்கு மேலே சுருட்டச் சொல்லி, மடித்த காலுக்குள் கட்டையைச் செருகி, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தாரில் முழந்தாளிட வைத்தார்கள். இரண்டு மணி நேரம். ஆபீசர் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

தேங்காய் எண்ணெய் ஊற்றி ஊற்றித் தாரை எடுத்தேன். தாரோடு தோலும் வந்தது. அவன் கத்தவில்லை, நான்தான் கத்தினேன். அத்தான் நோட்டில் இருந்த அந்தப் பக்கத்தை எழுதியது என் கை, ஸ்டானி. இந்தக் கை. நீ அரைகுறையாகச் செய்துவிடுவாய் என்று உட்கார்ந்து எழுதினேனே!

நீ அங்கே இல்லாமல் போனாயே. இருந்திருந்தால் காலில் விழுந்தாவது தடுத்திருப்பாய்.

அக்கா

&nbsp;

கிள்ளான்,
27-3-1944

அக்கா,

நான் அங்கே இருந்தேன்.

கடைசி வரிசைக்குத் தார் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கும் எனக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. அவன் தலையைக் குனிந்திருந்தான், என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஆபீசர் என் பக்கம் திரும்பி, மொழி மாற்றிச் சொல்கிற அந்த ஆள் மூலம், "இவன் உனக்குத் தெரிஞ்சவனா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

காகிதம் கெட்டுவிடும், இரண்டு பேரையும் சயாமுக்கு ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய் எழுதி என்ன செய்ய? எதையும் நினைக்கவில்லை. பயந்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு துடைப்பத்தை எடுத்து மறுபடி தார் தேய்த்தேன். இரண்டு மணி நேரமும் தேய்த்தேன், அக்கா.

இருபது வருஷத்தில் நான் போட்டதிலேயே குறையில்லாத தளம் அதுதான். ஒரு கல்கூட அசையவில்லை.

ஸ்டானிஸ்லாஸ்

&nbsp;

கிள்ளான்,
16-9-1945

அக்காவுக்கு,

பதினெட்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. கன்னையாவைக் கண்டால் டொமினிக்கைப் பற்றிக் கேட்பேன், "நடக்கிறாரு, அண்ணே" என்பான். அவ்வளவோடு சரி.

ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள். பங்களா காலியாகக் கிடக்கிறது. கரைக் கல்லை நெம்பி எடுத்துவிட்டேன், இப்போது செங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்க்கிறேன். நன்றாகப் பாவியிருப்பதால் வர மறுக்கிறது. யாரும் கேட்கவில்லை, யாரும் கூலி தரவில்லை. இதைச் சொன்னால் எதுவும் சரியாகும் என்று நினைத்து எழுதவில்லை. சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

ஸ்டானிஸ்லாஸ்

&nbsp;

பிரிக்ஃபீல்ட்ஸ்,
25-10-1945

ஸ்டானிக்கு,

டொமினிக்குக்குக் கல்யாணம். பங்சார் தோட்டத்துக் கிராணி மகள். நவம்பர் 12, திங்கட்கிழமை காலை, நம் கோயிலில்.

உன் பழைய கடிதத்தை அவன் கண்ணில் படாமல் அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன். மாமனுக்குச் சொல்ல வேண்டும் என்று அவன் மூன்று நாளாக நச்சரித்தான். கடைசியில் எடுத்துக் கையில் கொடுத்தேன். படித்தாவது வாயை மூடட்டும் என்றுதான் கொடுத்தேன். படித்து முடித்து மடித்தான்.

"தெரியும்மா," என்றான். "தலை குனிஞ்சிருந்தா கால் தெரியாதா? கட்டைவிரல்ல நகம் இல்ல. மாமா குரல் எனக்குத் தெரியாதா?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்து இறக்கவில்லை. அன்றைக்கு நீ சொன்ன சொல்லைக் காதால் கேட்டுவிட்டு வந்து, உன் மனசு உடையக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். அந்தப் பிள்ளையை நான்தான் பெற்றேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவன் உன்னை மன்னித்துவிட்டான். நான் மன்னிக்கவில்லை. வந்தால் உனக்கும் கெர்ட்ரூடுக்கும் இலை போடுவேன், சோறு போடுவேன். என்னிடம் பேச்சை எதிர்பார்க்காதே.

வரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவனுக்கு முழங்கால் மடங்குகிறது, ஆனால் மடங்கினால் தானாக எழ முடியாது. பூசையில்கூட நின்றுகொண்டேதான் இருப்பான், திமிர் என்று ஊர் பேசுகிறது. சாமியார் கல்யாணத்துக்கும் நின்றால் போதும் என்று சொல்லிவிட்டார். இவன் கேட்கவில்லை. பெண் முழந்தாளிடும்போது நானும் முழந்தாளிடுவேன் என்கிறான். எழுப்பிவிட யாரடா வருவார்கள் என்றேன்.

"அது மாமா வேலை," என்கிறான்.

பீடத்துக்கு முன்னால், அவனுக்கு வலது பக்கம் உன்னை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். சாமியார் ஆசீர்வாதம் முடிந்ததும், இரண்டு கையாலும், அவனைத் தூக்கு.

பெர்னடெட்