பன்னிரண்டு மணிப் பட்டியல்

இன்று காலை பீரோவின் மேல்தட்டைத் துடைக்கலாம் என்று புடவைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அடியில் விரித்திருந்தது கம்ப்யூட்டர் காகிதம். வெள்ளையும் இளம்பச்சையுமாகப் பட்டைகள், இரண்டு ஓரங்களிலும் வரிசையாக ஓட்டைகள். ஆபீசில் வீணாகும் தாள்களை நாம் கட்டுக் கட்டாக வீட்டுக்குத் தூக்கி வருவோமே, அப்போது பம்பாயில் ஆபீசுக்குப் போகிறவர்கள் வீட்டு அலமாரிகளில் எல்லாம் அதுதான் கிடக்கும். ரசகற்பூர வாடையையும் மீறி அதில் மை நாடாவின் வாசனை இருப்பதாக எனக்குப் பட்டது. முப்பது வருஷத்துக்கு மேலான காகிதத்தில் என்ன வாசனை மிச்சமிருக்கும், எல்லாம் என் பிரமை. ஆனால் மோந்தவுடன் உன் குரல் கேட்டது. "கடைசி வரிய வாசிட்டி."

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியதை உயிரோடு இருக்கும்போது சொல்லாதவள், இப்போது கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா என்ன.

உனக்கு வேலை செம்பூரில், எனக்கு முலுண்டில். நம் கம்பெனி சலைன் பாட்டில்கள் செய்தது. தொழிற்சாலையும் பரிசோதனைக் கூடமும் உன் பக்கம், கிடங்கும் லாரிகளும் என் பக்கம். நீ லேபர் கேம்ப் குடியிருப்பிலிருந்து பஸ் பிடிப்பாய், நான் மாட்டுங்காவிலிருந்து லோக்கல் ஏறுவேன். நம் வீடுகளுக்கு நடுவே நடந்தால் இருபது நிமிஷம்தான். ஆனாலும் நாம் பழகியதெல்லாம் போனில்தான். முகம் பார்க்கவே ஆறு மாதம் ஆயிற்று. பார்த்த அன்று நீ சொன்னது நினைவிருக்கிறது. "குரலுக்கு நீ நல்ல உயரமா இருப்பேன்னு நெனச்சேன்ட்டி, ஏமாத்திட்டியே."

தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு உன் கம்ப்யூட்டரிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு ஒரு பட்டியல் வரும். பரிசோதனையில் சந்தேகம் வந்த பாட்டில் பேட்ச்களின் எண்கள். அந்தப் பட்டியலில் இருப்பது கிடங்கை விட்டு வெளியே போகக் கூடாது, இல்லாதது போகலாம். நானூறு வரிக்கு மேல் இருக்கும். டெலிபோன் கம்பி வழியாக அது வந்து சேரப் பத்து நிமிஷம் பிடிக்கும். புதிதாக நிறுத்தி வைத்தவை எப்போதும் கடைசியில்தான் இருக்கும். அதனால்தான் நீ அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தாய். அனுப்பி முடித்ததும் போன் செய்வாய், நான் எனக்கு வந்திருப்பதன் கடைசி வரியைப் படிக்க வேண்டும், நீ உன்னிடம் இருப்பதோடு சரிபார்ப்பாய். ஒத்துப்போனால்தான் கிடங்குக்குக் கொடுக்கலாம். லைன் நடுவில் அறுந்து பாதியோடு நின்ற நாட்கள் எத்தனை! எல்லாவற்றையும் அந்த ஒரு போன்தான் பிடித்துக் கொடுத்தது. சரிபார்த்து முடித்த பிறகு கொஞ்சம் ஊர்வம்பு, உன் அப்பாவின் மில் மூடிய கதை, என் அத்தையின் மாப்பிள்ளை வேட்டை.

அந்த போனை நிறுத்தியவள் நான். மேனேஜர், "இந்த மெட்ராஸிப் பெண்கள் கம்பெனி போனில் கதை பேசுகிறார்கள்" என்று இந்தியில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை தானாகவே எழுந்து, பட்டியல் வந்திருக்கிறதா என்று பார்த்து, வந்திருந்தால் எடுத்துக் கிடங்குக்கு அச்சடித்துக் கொடுக்கும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். லைன் அறுந்தால் மட்டும் நீ மறுபடி அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். மற்றபடி மனுஷர் கையே படாது. அப்போது எனக்கு இருந்த தலைக்கனத்தை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

நீ சொன்னாய். எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

"ஏட்டி, பட்டியல் வந்துக்கிட்டு இருக்கும்போதே ஒன் புரோகிராம் முழிச்சுப் பாத்துச்சுன்னா? பாதிய முழுசுன்னு எடுத்துராதா?"

"அதெல்லாம் ஆகாதுடி. மெஷின் பாத்துக்கும்."

"எப்படிப் பாக்கும்? நான் வேணா கடைசில 'முடிஞ்சிது'ன்னு ஒரு வரி போட்டு அனுப்புதேன். மொத்தம் எத்தன வரின்னும் எழுதிருதேன். அது இருந்தா மட்டும் எடுக்கச் சொல்லு."

"இப்ப எல்லாத்தையும் மாத்தணும்னா இன்னும் ரெண்டு வாரம் ஆகும்டி. அப்பறம் பாத்துக்கலாம்."

"சரிட்டி," என்று போனை வைத்துவிட்டாய். நீ டெம்பரரி, நான் பெர்மனெண்ட். அந்த வித்தியாசத்தை நான் வாயால் சொன்னதில்லை, ஆனால் நாம் இருவருமே அதை மறந்ததில்லை.

மழைக்காலம். அன்று காலையிலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. பட்டியல் பாதிக்கு மேல் வந்திருக்கும், லைன் அறுந்தது. சரியாக அந்தச் சமயத்தில் என் புரோகிராம் எழுந்து பார்த்தது. அன்றைய தேதி போட்ட பட்டியல் ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டது, அச்சடித்தது, கிடங்குக்குப் போயிற்று. கடைசிப் பகுதியில் இருந்திருக்க வேண்டிய எண்கள் அதில் இல்லை. இல்லாவிட்டால் நல்லது என்றுதானே அர்த்தம்? டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

மூன்று நாள் கழித்து குர்லா பக்கத்திலிருந்து ஒரு சின்ன நர்சிங் ஹோம் போன் செய்தது. பிரசவமான ஒரு பெண்ணுக்கு சலைன் ஏற்றியதும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது, கடும் ஜுரம். பாட்டிலின் எண்ணைச் சொன்னார்கள். நிறுத்தி வைத்திருக்க வேண்டிய எண் அது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், ஆனால் பிழைப்பாளா என்று தெரியாமல் இரண்டு நாள் போனது.

மேனேஜர் என் மேஜைக்கு வந்து கிடங்குக்குப் போன தாளைப் போட்டார். "ஆதா பேஜா உஸ்னே," என்றார். அவள் பாதிதான் அனுப்பியிருக்கிறாள் என்று. அவர் கேட்கவே இல்லை, முடிவாகவே சொன்னார். "லைன் கட் ஹுவா தோ தோபாரா க்யோ நஹீ பேஜா?" அறுந்துபோனால் மறுபடி ஏன் அனுப்பவில்லை?

அவர் போனதும் என் மெஷினின் பதிவுத் தாளை எடுத்துப் பார்த்தேன். நீ அனுப்பியிருந்தாய். லைன் திரும்பி வந்த உடனே, பன்னிரண்டரைக்கெல்லாம், முழுப் பட்டியலும் மறுபடி வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு வரி குறையவில்லை. ஆனால் அன்றைய தேதியில் ஒன்றை ஏற்கெனவே எடுத்தாயிற்று என்பதால் என் புரோகிராம் இரண்டாவதை வேண்டாத நகல் என்று தள்ளிவிட்டது. முன்பு ஒரு தடவை ஒரே பட்டியல் இரண்டு முறை அச்சாகிக் கிடங்கில் கேலி செய்தார்கள், அதற்காக நான்தான் அந்த விதியைப் போட்டிருந்தேன். தள்ளினேன் என்று பதிவுத் தாளில் அதுவே எழுதி வைத்திருந்தது.

அப்போதுதான் உன் போன் வந்தது.

"ஏட்டி, நான் திரும்ப அனுப்புனேன்லா? முழுசாப் போச்சுன்னுதான் எனக்குக் காட்டுது. ஒனக்கு வந்துச்சா இல்லையா, பாத்துச் சொல்லுட்டி."

தாள் என் கையில் இருந்தது.

"வரலைடி," என்றேன்.

"அப்ப நான்தான் எங்கயோ விட்டுட்டேன் போல," என்று சொல்லி வைத்துவிட்டாய். என்னை நீ சந்தேகப்படவே இல்லை. நான் சொன்னதை எடுத்துக்கொண்டு, உன் மெஷின் காட்டியதை நம்பாமல் விட்டாய்.

பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன், பல வருஷம். பயம் இல்லை. எனக்கு வேலை போயிருக்காது, மிஞ்சிப்போனால் மேனேஜரிடம் வசவு. வெறும் வெட்கம்தான். கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன், அது போய்விடுமே என்ற வெட்கம். அந்தப் பதிவுத் தாளைக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய் மாட்டுங்கா ஸ்டேஷன் குப்பைத் தொட்டியில் போட்டேன். மழையில் அது ஊறிக் கூழாகும் வரை நின்று பார்த்தேன்.

அடுத்த மாதம் உன்னைப் பெர்மனெண்ட் ஆக்கியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நிறுத்திவிட்டார்கள். உன் வீட்டில் சம்பளம் என்று வந்துகொண்டிருந்தது உன்னுடையது ஒன்றுதான். எனக்கு அது தெரியும், நீயே சொல்லியிருக்கிறாய். நீ போகும் முன் அந்த நர்சிங் ஹோமுக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்து, ஆரஞ்சு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். நீ போய் என்ன சொல்லியிருப்பாய்? மன்னிப்புக் கேட்டிருப்பாயோ? போக வேண்டிய நான் முலுண்டில் ஏசி ரூமில் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

திருத்தினேன், ரொம்ப நன்றாகவே. வந்துகொண்டிருக்கும் பட்டியலுக்குத் தற்காலிகமாக வேறு பெயர். கடைசியில் 'முடிந்தது' என்ற வரியும் மொத்த வரிக் கணக்கும் இருந்து, எண்ணிப் பார்த்து ஒத்துப்போனால்தான் சரியான பெயருக்கு மாற்றம். இரண்டாவதாக ஒன்று வந்தால் தள்ளாமல் முதலாவதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. எல்லாம் நீ போனில் சொன்னதுதான், கொஞ்சம் விரித்து. மேனேஜர் எல்லோருக்கும் பேடா வாங்கிக் கொடுத்து என்னைப் பாராட்டினார். நானும் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நீதான் என் தோளைத் தொட்டாய். ஒரு ஸ்கூலில் கிளார்க் வேலை, கல்யாணம், ஒரு பெண் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாய். கூட அந்தக் குழந்தையும் நின்றது, உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் ஐஸ்கிரீம் கேட்டபடி. இன்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அன்னிக்கு அந்தப் பட்டியல் விஷயம்..."

"அத ஏன் கேக்க," என்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இன்னமும் நெனச்சு நெனச்சுப் பாக்கேன்ட்டி, எங்க தப்புப் பண்ணினேன்னு. ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது. நல்லவேள, அவ பொழச்சா. இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோ."

நான் முருங்கைக்காய்க்குப் பணம் கொடுத்தேன். போன் நம்பர் மாற்றிக்கொண்டோம். அதற்குப் பிறகு பொங்கலுக்கு, தீபாவளிக்கு, என் வீட்டுக்காரர் போனபோது என்று நீதான் கூப்பிட்டாய். ஒவ்வொரு தடவையும் மணி அடிக்கும்போது இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பேசி முடித்து வைத்த பிறகும் அதையேதான் நினைப்பேன்.

போன மாதம் உன் மகள் கூப்பிட்டாள். ஆண்டாப் ஹில்லில் இருக்கிறாளாமே, உன்னைப் போலவே பேச்சு, நடுநடுவே இந்தி. அழுதுகொண்டேதான் ஆரம்பித்தாள், பிறகு உன்னைப் பற்றிப் பேசப் பேசச் சிரித்தாள்.

"அம்மாக்கு ஒரு வஹம், ஒரு சந்தேகம் உண்டு ஆன்ட்டி. ஒரு மெசேஜ் அனுப்பினாக்கூட ஒடனே போன் பண்ணும். வந்துச்சா, முழுசா வந்துச்சா, கடைசில என்ன இருக்கு படின்னு கேக்கும். காலேஜ்ல என் தோஸ்துங்க எல்லாம் சிரிப்பாங்க. கேஸ அணைச்சோமான்னு மூணு தடவ எந்திரிச்சுப் போகும். தன்மேலயே பரோசா கிடையாது அதுக்கு. ஏன் ஆன்ட்டி, சின்ன வயசுலயே அப்படித்தானா?"

இல்லை. நான் பழகிய இருபத்துமூன்று வயசுப் பெண்ணுக்குத் தன்மேல் நம்பிக்கைக்குக் குறைவே இல்லை. பெர்மனெண்ட் ஆன என்னிடமே, 'உன் புரோகிராமில் ஓட்டை' என்று சொன்னவள் அவள். இதை உன் மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். "அப்படியாம்மா," என்று மட்டும் சொன்னேன்.

நீ அனுப்பியது வந்தது. பன்னிரண்டரை மணிக்கு, முழுதாக. நீ எங்கேயும் எதையும் விடவில்லை. இதுதான் நான் சொல்ல வேண்டியது. இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று எழுதிப் பார்த்த பிறகு எனக்கே கேவலமாக இருக்கிறது.

உன் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று நீயே எத்தனையோ முறை குறைப்பட்டிருக்கிறாய். அது தெரிந்துதான் இதைத் தமிழில் எழுதினேனோ என்னவோ. நான் நேரில் போய் வாசித்துக் காட்டினால் ஒழிய அவளுக்கு இது தெரியப்போவதில்லை. நான் இப்போது குடியிருக்கும் முலுண்டிலிருந்து ஆண்டாப் ஹில் ஒன்றும் தூரமில்லை, ஒரு மணி நேரம் ஆகும். புடவையெல்லாம் மாற்றிக்கொண்டு இரண்டு தடவை கிளம்பினேன். இன்னும் போகவில்லை.