ஈஸ்டர் கழித்துத் தின்னலாம் என்ற நண்டு

மிளகு நண்டின் வாசம் முகத்தில் அடித்ததும், எதிரே நீங்கள்தான் உட்கார்ந்திருப்பதாக ஒரு கணம் நினைத்துவிட்டேன். உட்கார்ந்திருந்தது நம் மகள். என் பிறந்தநாள் என்று நேற்று மதியம் ஏரிப் பக்கம் இருக்கும் அந்தக் கடல் உணவகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே ஒரே பாட்டும் கூத்தும். ஐஸ் மேல் பரப்பிய மீனை விரலால் காட்டினால் போதும், பொரித்துக் கொண்டுவருகிறார்கள்.

போன வருஷம் தவக்காலம் தொடங்கியபோதுதான் அதைத் திறந்தார்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், பள்ளிப் பிள்ளை மாதிரி அடுப்படியில் வந்து நின்றீர்கள்.

"ஏம்புள்ள, ஒரு நாளைக்கு நண்டு திங்கப் போலாமா?"

"தவக்காலத்துல நண்டா? நாப்பது நாளும் நம்மூட்டுல கவுச்சி கெடையாதுங்க. ஈஸ்டர் கழிச்சுப் பாக்கலாம்."

"மீனு, நண்டுக்கெல்லாம் தடையில்லைன்னு சர்ச்சுச் சாமியாரே சொல்றாரே?"

"சாமியார் சொல்லுவாருங்க. நான் சொல்லல."

உங்களை மடக்கிவிட்ட பெருமை அன்று முழுக்க எனக்கு. ஈஸ்டருக்கு எட்டு நாள் இருக்கும்போது நெஞ்சுவலி என்றீர்கள். மலையிறங்கிச் சேலம் சேருமுன் எல்லாம் முடிந்தது. மறுநாள், குருத்தோலை ஞாயிறன்று உங்களை அடக்கம் செய்தோம்.

பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாயின் மகன்தான் உணவகத்தின் மேலாளர். நண்டு ஓட்டை உடைக்கும் இடுக்கியை என் தட்டருகே வைத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"ஐயா ஒருக்கா வந்து இதைப் புடிச்சுப் பழகிட்டுப் போனாருங்கம்மா. ஊட்டுக்காரிக்கு ஓடு உடைக்க வராது, ஈஸ்டருக்குக் கூட்டிட்டு வர்றப்ப நான்தான் உடைச்சுக் குடுக்கோணும்னாரு. ஒரு வாய் தின்னு பாருங்கன்னேன், நொம்பக் கண்டிப்பா வேண்டாம்னுட்டாருங்க."

பாவி நான். தனியாக வந்தபோதாவது தின்றிருக்கலாமே நீங்கள். ஊரில் யார் பேச்சையும் கேட்காத மனிதர், என் பேச்சை அதில் மட்டும் அப்படியா கேட்பீர்கள்?

மகள் உடைத்துத் தர வந்தாள். வேண்டாமென்று நானே இடுக்கியைப் பிடித்தேன். நாலு தடவை வழுக்கியது. ஒரு துண்டு பக்கத்து மேசைக்குத் தெறித்து, அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். சதை நல்ல இனிப்பு. அழுதுகொண்டே தின்றேன். காரம் என்று மகளிடம் சொல்லிவைத்தேன்.

விரதத்தை நான் விடவில்லை. வருகிற தவக்காலத்திலும் இருப்பேன். ஆனால் இப்போதெல்லாம் மகள் எங்கே கூப்பிட்டாலும் அப்புறம் என்று சொல்ல வாய் வருவதில்லை, உடனே செருப்பை மாட்டிக்கொள்கிறேன். உங்களோடு ஒரு நாளாவது அப்படிக் கிளம்பியிருக்கலாம்.